ஆலை வாயிலும் அவையும்: பெரம்பூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை தொழிலாளர் பேச்சின் ஆற்றலும் உரிமையும்

முன்னுரை

பேச்சுரிமையின் வரலாறு எழுதப்படும்போது இதழ்கள்மீதான தடை, நூல் பறிமுதல், நாடகத் தணிக்கை, தலைவர்கள்மீதான அரசத்துரோக வழக்கு ஆகியவையே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றில் ஒருபுறம் அரசும் மறுபுறம் எழுத்தாளரோ தலைவரோ நிற்கின்றனர். ஆலைத் தொழிலாளரின் பேச்சு இச்சட்டகத்துள் எளிதில் அடங்குவதில்லை. முதலாளி தொடுத்த உரிமையியல் வழக்கு, வேலை ஒப்பந்தம், ஆலை நிலத்தின் சுற்றுச்சுவர் ஆகியவை அரசாணைக்குச் சற்றும் குறையாத அளவில் அப்பேச்சைத் தடுத்திருக்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்று ஒரு தொழிற்சங்கம் வாயிற்கூட்டம் நடத்த முனைந்தால் அது எதிர்கொள்ளும் முதற்சிக்கல் என்ன பேசுவது என்பதாக இருப்பதில்லை. எங்கு நின்று பேசுவது, யாரை நோக்கிப் பேசுவது, எம்மொழியில் பேசுவது என்பனவே அதன் சிக்கல்கள். இவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பெரம்பூர் ஆலை வாயிலில் எழுந்தவை. சொல் எப்போது கருத்தாகக் கொள்ளப்படுகிறது, எப்போது செயலாகக் கொள்ளப்படுகிறது என்பதைச் சட்டம் தீர்மானித்த முறையே இவ்விரு இடங்களையும் இணைக்கிறது. விளைவற்ற பேச்சுக்கு உரிமை எளிதில் கிடைத்தது. விளைவு தோன்றியதும் அதே பேச்சு செயல் என்னும் வகைக்கு மாற்றப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அவையுடையோரும் அவையற்றோரும்

தமிழ் அறமரபு சொல்லின் ஆற்றலை விரிவாகப் பேசியுள்ளது. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்களும் பொருட்பாலின் அமைச்சியலில் இடம்பெறுகின்றன. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. சொல்வன்மை இங்கு அமைச்சனுக்குரிய தகுதி. அது செயற்படுவதற்கு ஓர் அவை முன்னரே இருக்கிறது. பேசுவோன் அவ்வவையின் இயல்பை அறிந்திருக்க வேண்டும், அதற்கு அஞ்சாதிருக்க வேண்டும். அவைக்குள் நுழையவே இடமில்லாதவனின் சொல் அவ்வதிகாரங்களின் பொருளாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர் பெற்றது பேசும் திறனையன்று. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் பெற்றது ஓர் அவையை. தூத்துக்குடியில் 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பொதுவெளியில் தமிழில் ஆற்றிய உரைகள் அத்தகைய அவையைத் திரட்டின. அரசு அவ்வுரைகளை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின்கீழ்க் கொண்டுவந்தது. காவல்துறையினர் எடுத்த பேச்சுக் குறிப்புகள் வழக்கில் சான்றாயின. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் இவை குறைக்கப்பட்டன. வ.உ.சி. தம் பேச்சுக்காக மட்டுமன்றிச் சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்தமைக்காகவும் தண்டிக்கப்பட்டார். பேச்சை ஒரு குற்றச்செயலாகக் கொண்டால்தான் அதற்கு உடந்தை என ஒருவர் இருக்க இயலும்.

பெரம்பூரில் தோன்றிய அவை

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் அமைந்த பெரம்பூரில் அவை உருவான வழி வேறு. அங்கு கோ.செல்வபதி செட்டியாரும் கோ.இராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் சமயச் சபையை நடத்திவந்தனர். ஆலைத் தொழிலாளர் பலர் அங்குச் சமயச் சொற்பொழிவு கேட்க வந்தனர். சொற்பொழிவு முடிந்தபின் நடந்த உரையாடலில் ஆலைக் குறைகள் பேசப்பட்டன. நண்பகல் உணவுக்கு விடப்படும் நேரம் போதவில்லை, மேலாளர் நடத்தும் முறை பொறுக்கத்தக்கதாக இல்லை என்பன போன்ற முறையீடுகள் அங்கேதான் முதலில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் சொற்களாயின. சமயச் சபையின் திண்ணையில் ஆலையின் கணக்கு பேசப்பட்டது என்பதைத் தமிழகத் தொழிற்சங்க வரலாறு போகிறபோக்கில் கடந்துவிடுகிறது. அது இன்னும் நின்று நோக்கத்தக்கது. கேட்கும் பழக்கம் உடைய கூட்டம் முதலில் உருவாயிற்று. முறையீடு அதன்பின் வந்தது.

செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அன்னி பெசன்டின் நியூ இந்தியா இதழுடன் தொடர்புடைய பி.பி.வாடியாவை அணுகினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவராகவும் திரு.வி.கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். பம்பாய்ப் பார்சியான வாடியா ஆங்கிலத்தில் உரையாற்ற, அவ்வுரை தொழிலாளருக்குத் தமிழில் எடுத்துரைக்கப்பட்டது. அவர் உரைகளின் தொகுப்பு 1921-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. எனவே ஆய்வாளர் கையில் இன்றிருப்பது தலைவர் பேசியது. தொழிலாளர் காதில் விழுந்தது வேறொருவரின் தமிழ். அத்தமிழை ஆக்கியவர்களுள் முதன்மையானவர் திரு.வி.க. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, தேசபக்தன் இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த அவர் சைவ மேடையில் பயின்றவர். சமயச் சொற்பொழிவின் நடையும் நெகிழ்வும் கூலி, வேலைநேரம், சங்கம் என்னும் பொருள்களுக்கு மாறின.

இவ்வவைக்கு எல்லையும் இருந்தது. 1921-ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பணிக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் மோதல்கள் மூண்டு குடிசைகள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இப்பிளவுக்கு நிருவாகத்தின் உத்தியும் அரசின் போக்கும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை உண்மையே. ஆயினும் சாதியிந்துச் சமயச் சபையில் பிறந்த ஒரு பேச்சுமரபு ‘தொழிலாளர்’ என்று பொதுப்பட விளித்தபோது அவ்விளியில் யார்யார் தம்மைக் கண்டனர் என்னும் வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டியதாகும். சேரியின் வறுமை வேலைநிறுத்த நாள்களைத் தாங்கும் அளவு மேடையில் கணக்கிடப்பட்டதா என்பது அவ்வினாவின் மற்றொரு பகுதி.

பாடகியின் ஒப்பந்தமும் தொழிலாளியின் ஒப்பந்தமும்

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இதற்கிடையில் பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி, வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தது. தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. இழப்பீடு கோரப்பட்டது, தலைவர்கள் அவ்வாறு தூண்டலாகாது என இடைக்காலத் தடையாணையும் பெறப்பட்டது.

1908-க்கும் 1920-க்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. அரசத்துரோக வழக்கில் அரசு பேச்சின் பொருளை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது: இச்சொல் வெறுப்பைத் தூண்டுகிறதா, இவ்வுவமை எதைக் குறிக்கிறது என்றெல்லாம் வாதிட வேண்டியிருந்தது. பின்னி வழக்கில் பேச்சின் பொருள் குறித்த ஆராய்ச்சிக்கே இடம் சுருங்கிற்று. கேட்டவர் வேலைக்குச் செல்லவில்லை. நிறுவனத்துக்கு இழப்பு நேர்ந்தது. ஆகவே பேசியவர் பொறுப்பு. சொல்லின் நயமோ உண்மையோ நேர்மையோ இதில் கணக்கில் வருவதில்லை.

இக்கோட்பாட்டின் பிறப்பிடம் இலண்டன் இசையரங்கு என்பது சட்ட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஜொகன்னா வாக்னர் என்னும் பாடகி பெஞ்சமின் லம்லியின் அரங்கில் பாட ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டி அரங்கின் மேலாளர் கை, கூடுதல் பணம் தருவதாகக் கூறி அவரைத் தம் பக்கம் இழுத்தார். 1853-இல் முடிவான இவ்வழக்கில், பிறர் ஒப்பந்தத்தை மீறுமாறு ஒருவரைத் தூண்டுதல் தீங்கியல் குற்றமாகும் என்னும் நெறி நிலைபெற்றது. ஒரு குரலை விலைபேசிய இரு முதலாளிகளுக்கு இடையிலான பூசலில் தோன்றிய அந்நெறி, எழுபது ஆண்டுகளுக்குள் விலைபேசாத குரல்களை அடக்கும் கருவியாகப் பெரம்பூருக்கு வந்துசேர்ந்தது. பிரிட்டனில் 1906-ஆம் ஆண்டின் தொழில்தகராறுச் சட்டம் தொழிற்சங்கத்தினரை இவ்வகை வழக்குகளிலிருந்து ஏற்கெனவே காத்திருந்தது. அப்பாதுகாப்பு கடல் கடந்து வரவில்லை. பழைய நெறி மட்டும் வந்தது. ஒரே பிரிட்டானிய நிறுவனம் தன் தாயகத்தில் தொடுக்கவியலாத வழக்கைச் சென்னையில் தொடுக்க முடிந்தது.

1921 தொடக்கத்தில் வாடியா சங்கத்திலிருந்து விலகுவதென்றும் நிறுவனம் வழக்கைக் கைவிடுவதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. தலைவரைச் சிறைக்கு அனுப்பாமலே மேடையிலிருந்து இறக்க முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களைப் பதிவுசெய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். அதற்குச் சென்னை வழக்கே உடனடிக் காரணம். ஐந்தாண்டு கழித்து வந்த 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 17-ஆம் பிரிவில் குற்றச்சதி வழக்கிலிருந்தும் 18-ஆம் பிரிவில் வேலை ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகத் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்கிலிருந்தும் பதிவுபெற்ற சங்கத்தினருக்குக் காப்பளித்தது. இந்தியாவில் பேச்சுரிமைக்குக் கிடைத்த தொடக்ககாலச் சட்டக் காப்புகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். ஆனால் சட்டம் அதனைப் பேச்சுரிமை என்று பெயரிடவில்லை. பொறுப்பிலிருந்து விலக்கு என்றே கொண்டது. காப்பு பேசுவோனுக்கு இயல்பாக வாய்ப்பதன்று, பதிவின்வழி வருவது. பதிவுச் சான்றிதழ் இன்றளவும் இத்துணைப் பூசலுக்கு உரியதாக இருப்பதன் காரணம் இதுவே.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற ஆண்டிலும் நிலை உடனே மாறிவிடவில்லை. 1947-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது காங்கிரசு ஆட்சியே திரு.வி.க.வை வீட்டுக்காவலில் வைத்தது. 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கிராஸ்ரோட்ஸ் இதழ் மாநிலத்துள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950 மே 26 அன்று உச்சநீதிமன்றம் தடையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை வழக்கறிஞர் மன்றத்திலிருந்து சென்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அடுத்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைப் பேச்சுரிமைக்கான வரம்புகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

தொழிலாளரைப் பொறுத்தவரை 1960-களின் தீர்ப்புகளே கூடுதல் தாக்கம் உடையவை. காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-இல், ஆர்ப்பாட்டமும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என உச்சநீதிமன்றம் ஏற்றது. வேலைநிறுத்தம் செய்வதற்கு அடிப்படை உரிமை இல்லை என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. 1969-இல் இரயில்வே வாரியம் எதிர் நிரஞ்சன் சிங் வழக்கில், பேச்சுரிமை உண்டென்பதால் அதனைப் பிறருடைய வளாகத்தில் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்பதாகாது எனக் கூறப்பட்டது. முன்னது உரிமையை விரித்தது. பின்னது அதற்கு நில எல்லை வகுத்தது. ஒப்பந்தத்தின் இடத்தை நிலவுடைமை எடுத்துக்கொண்டது எனலாம். ஆலை வாயிலிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் கூட்டமோ முழக்கமோ கூடாது என உரிமையியல் நீதிமன்றங்களில் நிறுவனங்கள் பெறும் தடையாணைகள் இன்று தமிழகத் தொழிற்பேட்டைகளில் வழக்கமாகிவிட்ட ஒன்று. அவற்றில் பேச்சு மீட்டரால் அளக்கப்படுகிறது.

தொழிற்பேட்டையின் நிலவியல்

பெரம்பூரில் ஆலைக்கு எதிரே தெரு இருந்தது. தெருவில் வீடும் கடையும் சபையும் இருந்தன. ஆலையைவிட்டு வெளியே வந்த தொழிலாளி ஊருக்குள் நின்றார். 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமாகிய சிப்காட் உருவாக்கிய தொழிற்பேட்டை வேறுவகை நிலம். மனைப்பிரிவு, உட்சாலை, மின்நிலையம், சுற்றுச்சுவர் என எல்லாம் உற்பத்திக்காகத் திட்டமிடப்பட்டவை. ஊர் அதற்கு வெளியே தங்கிவிடுகிறது. பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. மறு ஆண்டின் முதல் நாளில் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் சென்னையின் தொழில்முகம் நகரத் தெருவிலிருந்து விலகிப் புறமாவட்டப் பேட்டைகளில் குடியேறிய காலத்தை இவ்விரு ஆண்டுகளும் சுட்டுகின்றன.

கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருமளவில் பணிபுரிகின்றனர். இப்பகுதிக்குப் பலமொழி வழக்கு புதிதன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. தமிழும் தெலுங்கும் இங்குள்ள கடைத்தெருவில் உடனுறைபவை. ஒடியாவும் போஜ்புரியும் பேசுவோருக்கு அத்தகைய கடைத்தெரு உறவு இல்லை. வாடியாவின் காலத்தில் தலைவரின் மொழி தொழிலாளருக்கு விளங்கவில்லை, மொழிபெயர்க்கத் திரு.வி.க. போன்றோர் இருந்தனர். இன்று சங்கத் தலைவர் தமிழில் பேச, கேட்போரின் மொழி வேறாக உள்ளது. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அவர்களை அழைத்துவந்த மேஸ்திரியே. முறையீடு யாருக்கு எதிரானதோ அவர் வாய்வழியாகவே அது வெளிவர வேண்டியுள்ளது.

ஒப்பந்தமும் திசைமாறியுள்ளது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமும் ஒப்பந்ததாரர் என்னும் இடைநிலையாளரை ஒழுங்குபடுத்த முயன்றன. அதன்வழி அவரைச் சட்டத்தில் நிலைபெறவும் செய்தன. தொழிலாளி எந்த ஆலையின் வாயிலில் நின்று குரல் எழுப்புகிறாரோ அந்த ஆலை, இவர் எம் பணியாளர் அல்லர் என்று கூற இயலும். பின்னி நிறுவனம் வாடியாமீது வழக்குத் தொடுப்பதற்கேனும் தொழிலாளருக்கும் தனக்கும் ஒப்பந்தம் உண்டென்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நிரந்தரத் தொழிலாளருக்கும் பேச்சின் தொடக்கநிலை எளிதாகிவிடவில்லை. அண்டை மாவட்டமாகிய காஞ்சிபுரத்தில், திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியையும் தாண்டி அங்கு முன்னின்றது சங்கப் பதிவு. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதற்கு நிருவாகம் மறுப்புத் தெரிவித்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவுபெற்றது. தான் வேலைசெய்யும் இடத்தின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்வதே இங்கு வழக்குக்குரிய பேச்சாயிற்று.

பேட்டைக்கு வெளியே

தொழிற்பேட்டை தொழிலாளரின் பேச்சை மட்டும் தொடுவதில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கு மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்டுவந்த நிலத்தில் 2000-களின் பிற்பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டது. ஊரார் மனு, போராட்டம், வழக்கு எனப் பல வழிகளில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அங்கு ஆலை அமைத்த மிச்செலின் நிறுவனத்தைப் பற்றி 2012-இல் பிரான்சு நாட்டிலுள்ள பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் தேசியத் தொடர்பு மையத்தில் முறையீடு அளிக்கப்பட்டது. மேய்க்கால் நிலம் பற்றி ஊர்ச்சாவடியில் பேசப்பட்ட செய்தி பாரிசு நகரின் அலுவலகக் கோப்பாக மாறியது. அங்கே அது முறையாகக் கேட்கப்பட்டது என்று கொண்டாலும், உள்ளூரில் கேட்கும் அவை இல்லாமையே அதனை அத்துணைத் தொலைவு அனுப்பியது.

சூழலியல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை (2006) அத்தகைய அவையை ஏற்படுத்தத்தான் முயன்றது. மாவட்ட ஆட்சியரோ அவர்தம் சார்பாளரோ தலைமை ஏற்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முப்பது நாள் முன்னறிவிப்புடன் நடத்தப்பட வேண்டும். நிகழ்வு காணொளியாகப் பதிவாக வேண்டும். எழுப்பப்பட்ட கருத்துகளின் தொகுப்பு வட்டார மொழியில் கூட்டத்தாருக்குப் படித்துக்காட்டப்பட வேண்டும். 1908-இல் பேசுவோனைத் தண்டிக்கக் குறிப்பெடுத்த அரசு, இங்கே பேசுவோனுக்காகக் குறிப்பெடுக்கிறது. இது சிறிய மாற்றமன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கென அறிவிக்கப்பட்ட கூட்டம் பழவேற்காட்டு மீனவர் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்கிடையே 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டம் கூடும் முன்னரே பேச்சு தன் ஆற்றலைக் காட்டிய நேர்வாக இதனைக் கொள்ளலாம்.

அதே அறிவிக்கை, உரிய ஏற்புப் பெற்ற தொழிற்பேட்டைகளுக்குள் அமையும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. விலக்கின் எல்லை குறித்து வழக்குகளும் அமைச்சகத்தின் விளக்கக் குறிப்புகளும் எழுந்துள்ளன. பேட்டைக்குள் புதிதாக வரும் ஆலையைப் பற்றி அதன் சுவருக்கு வெளியே வாழும் ஊரார் பேசுவதற்கு எஞ்சும் இடம் கிராம சபை.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களுள் மே முதல் நாளும் ஒன்று. சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடிய நாளும் அதுவே. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளோரே கிராம சபையின் உறுப்பினர். பேட்டையை ஒட்டிய ஊர்களில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசாத் தொழிலாளி அப்பட்டியலில் இல்லாதவரை, ஆலையின் புகைபற்றி அச்சபையில் அவருக்குச் சொல்லில்லை. சபையில் பேசும் ஊராருக்கு ஆலை வாயில் அடைத்திருக்கிறது.